பத்மினிக்கு வேற எஞ்சின் வேண்டாம்யா!

மூணு வாரமா வீட்டில் எனக்குக் காபி கொஞ்சம் ஆறித்தான் வருகிறது. காரணம் ஒரு கார். அதுவும் நான் வாங்கிய கார் இல்லை, மாமனார் விட்டுப்போனது. 1986 மாடல் பிரீமியர் பத்மினி, க்ரீம் கலர், ஸ்டியரிங் கியர், முன்னால் பெஞ்ச் சீட்டு. சான்பாடாவில் எங்கள் சொசைட்டியின் பார்க்கிங்கில், இரண்டு எஸ்யூவிகளுக்கு நடுவில், கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் மாதிரி நிற்கும்.

என் மச்சினர் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஐரோலியில் வேலை பார்க்கிறான். வயது 23. நல்ல பையன். அத்தை என்றால் உயிர். அவன் வந்து, "மாமா, தாத்தா காருக்கு ஜிப்சி எஞ்சின் போட்டுடலாம். 1300 சிசி, எம்பிஎஃப்ஐ, 80 குதிரை. குர்லாவுல செட்டோட கிடைக்குது, கியர்பாக்ஸ் சேர்த்து. நான் பார்த்துக்கிறேன். நீங்க ஆர்.சி. புக்கை மட்டும் குடுங்க" என்றான். நான் முடியாது என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்குத்தான் ஆறிய காபி.

முடியாது என்றதற்கு நான் சொன்ன காரணங்களை யாரும் முழுசாகக் கேட்கவில்லை. "பேங்க்காரருக்கு எல்லாத்துக்கும் ஒரு ஃபார்ம் வேணும்" என்று மச்சினர் சிரித்ததோடு பேச்சு முடிந்தது. ஆகவே இங்கே எழுதுகிறேன். மும்பையில், புனேயில், பெங்களூரில் அப்பாவோ மாமனாரோ விட்டுப்போன பியட்டையோ அம்பாசடரையோ வைத்துக்கொண்டு, "எஞ்சினை மாத்திட்டா என்ன?" என்று யோசிக்கும் நம்மூர்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களாவது படிக்கட்டும்.

முதலில் பையன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்மினியின் எஞ்சின் 1,089 சிசி. சுமார் 40 குதிரைசக்தி. அடிப்படையில் இது இத்தாலிக்காரர்களின் பியட் 1100. 1964-இல் குர்லா தொழிற்சாலையில் பியட் 1100 டிலைட் என்று வந்தது. 1974-இல் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. 2000 வாக்கில் நிற்கும்வரை எஞ்சின் பெரிதாக மாறவே இல்லை. 1986-இல் மாமனார் சாவி வாங்கியபோதே அது பழைய எஞ்சின்தான். ஏசி போட்டால் மூச்சு வாங்கும். சயான்-பன்வேல் ரோட்டில் லாரிக்காரன் பின்னாலிருந்து ஹார்ன் அடித்தே நம்மைத் தள்ளிக்கொண்டு போவான். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. அவன் சொல்வதில் பாதி உண்மை.

மீதிப் பாதிதான் பிரச்சினை.

"கம்பெனிக்காரனே எஞ்சினை மாத்தலையா மாமா?" என்று கேட்டான். மாற்றினான். அம்பாசடரில் 1,489 சிசி பிரிட்டிஷ் எஞ்சினை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, 90களின் தொடக்கத்தில் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினைப் போட்டார்கள். அதே கம்பெனியின் கான்டெஸா 1984-இல் வந்தபோது அவ்வளவு பெரிய உடம்புக்கு அதே 1,489 சிசி. பிறகு அதற்கும் இசுசு. நம் பிரீமியரே 1985-இல் பியட் 124-இன் உடம்பில் நிசான் எஞ்சினை வைத்து 118 என்.ஈ. என்று விற்றது. 90களில் பத்மினியிலேயே டீசல் எஞ்சின் வைத்துப் பார்த்தார்கள். ஆக, எஞ்சின் மாற்றுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு.

இசுசு எஞ்சின் அம்பாசடருக்குள் வந்தபோது கூடவே ஐந்து கியர் பெட்டியும் வந்தது. கியரும் ஸ்டியரிங்கிலிருந்து தரைக்கு வந்தது. அதற்கு ஒரு கம்பெனி ஆள் வைத்து, டிராயிங் போட்டு, ஓட்டிப் பார்த்து, சோதனைக்குக் கொடுத்து, ஒப்புதல் வாங்கி, "தப்பு நடந்தால் நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டது. குர்லாவில் வெல்டிங் அடிக்கும் பாய் அப்படிக் கையெழுத்துப் போடுவாரா? அவர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் வண்டி வெளியே போன பிறகு அவர் யாரோ, நாம் யாரோ.

எங்கள் மாநிலத்துக் கதை ஒன்று உண்டு, அதையும் பையனுக்குச் சொன்னேன். சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் என்று ஒரு கம்பெனி. ஹெரால்டு, கெஸல் செய்தவர்கள். 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1, 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய அழகி. சீமையில் அதற்கு 3.5 லிட்டர் வி8 வரை உண்டு. இங்கே அதற்குள் வைத்தது பழைய வான்கார்டு காலத்து 2 லிட்டர் எஞ்சினின் வாரிசு. பெரிய உடம்பு, பெரிய விலை, பெட்ரோலும் குடிக்கும், ஓட்டமும் இல்லை. 1988-க்குள் கதை முடிந்தது. பாளையங்கோட்டையில் நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு டாக்டர் வீட்டில் அந்தக் காரைப் பார்த்திருக்கிறேன். என்ன கம்பீரம்! பெரும்பாலும் நின்றுகொண்டே இருக்கும் கம்பீரம்.

அங்கே உடம்பு பெரிது, எஞ்சின் போதாது. ஆள் கேலிக்கு ஆளாவான், உயிருக்கு ஒன்றும் ஆகாது. இவன் செய்ய நினைப்பது தலைகீழ். அதில்தான் எனக்குப் பயம்.

பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பூஸ்டர் கிடையாது, நம் கால் பலம்தான் பிரேக் பலம். பின்னால் பட்டை ஸ்பிரிங். ஸ்டியரிங்கை ஒரு இஞ்ச் திருப்பினால் முதல் அரை இஞ்ச் அதற்கே போய்விடும். இந்த எல்லாவற்றையும் 40 குதிரைக்குக் கணக்குப் பண்ணித்தான் செய்தார்கள். நல்ல நாளில், இறக்கத்தில், 110 போகும், யாரும் போவதில்லை. இப்போது 80 குதிரையைப் போட்டால் என்ன ஆகும்? நான் காமர்ஸ் படித்தவன், ஆனால் பத்தாம் வகுப்பு பிசிக்ஸ் ஞாபகம் இருக்கிறது. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-இல் போகும் காரை நிறுத்த டிரம் எவ்வளவு சூடு தாங்க வேண்டுமோ, 100-இல் போனால் கிட்டத்தட்ட 2.8 மடங்கு தாங்க வேண்டும். கூட்டுவட்டி மாதிரிதான், ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. டிரம் பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு, மூடிய பெட்டி ஆனதால் சூடு சீக்கிரம் வெளியேறாது. முதல் தடவை பிடிக்கும், இரண்டாவது தடவை சுமாராகப் பிடிக்கும், மூன்றாவது தடவை கால் கீழே போகும், வண்டி நிற்காது.

இது புத்தகக் கணக்கு இல்லை. பையனின் சிநேகிதன் ஒருவன் இதே மாதிரி மாற்றிய பத்மினி வைத்திருக்கிறான். "ஒரு தடவை ஏறிப் பாருங்க மாமா, அப்புறம் பேசுங்க" என்று போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். பாம் பீச் ரோடு. தெரியாதவர்களுக்கு: வாஷியிலிருந்து சான்பாடா, நெரூல் வழியாக பேலாப்பூர் போகும் ரோடு, ஒரு பக்கம் கண்டல் காடு, மறுபக்கம் கட்டடங்கள், நடுவில் பத்து கிலோமீட்டர் அளவுக்கு அகலமான வழவழ ரோடு. ராத்திரியானால் பசங்களுக்குக் கை அரிக்கும். எத்தனை விபத்துச் செய்திகள் இந்த ரோட்டைப் பற்றி! எங்கள் சொசைட்டியில் இருப்பவர்களுக்குப் பின்னிரவில் சைலன்சர் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடும், அடுத்து ஒரு சத்தம் வருமோ என்று.

வண்டி பறந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கே சிரிப்பு வந்தது. பத்மினியா இது! மூன்றாவது கியரில் அப்படி ஒரு இழுப்பு. நெரூல் பக்கம் போய்த் திரும்பி வரும்போது ஒரு சிக்னலில் பிடித்தான், நின்றது. அடுத்த சிக்னலில் பிடித்தான், இடது பக்கம் இழுத்தது. சான்பாடா மொராஜ் சர்க்கிள் வரும்போது, ஒரு ஆள் சைக்கிளில் இட்லி டப்பாவோ என்னவோ கட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார். பையன் பிரேக்கை மிதிக்கிறான், வண்டி நிற்கிற மாதிரித் தெரியவில்லை. கியரை இறக்கி, ஸ்டியரிங்கை ஒடித்து, டிவைடர் ஓரத்தில் டயர் உரசி நின்றது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நான் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவை சொல்கிறேன். வீட்டம்மா இதைப் படித்தால் காபி இன்னும் ஆறலாம், அல்லது சூடாகலாம்.

"அப்ப டிஸ்க் பிரேக்கும் போட்டுடலாம்" என்பான். போடலாம். அப்புறம் முன் ஹப் மாற வேண்டும். பிறகு வீல். பிறகு பின் ஆக்ஸில், ஏனென்றால் பழைய கிரவுன் பினியன் எத்தனை நாள் தாங்கும்? புரோப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்ட வேண்டும். எஞ்சின் மவுண்டுக்குப் புது இரும்பு. தரையைக் கிழித்து கியர் லீவர். லீவர் வந்தால் பெஞ்ச் சீட்டு போச்சு. மாமனார், மாமியார், நடுவில் சின்னப் பெண்ணாக என் மனைவி என்று மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குக் காய் வாங்கப் போன சீட்டு அது. கடைசியில் தாத்தா கார் என்று மிஞ்சுவது என்ன? தகரமும் கலரும். அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று வாங்கிவிடலாமே ஐயா, அதில் ஏர்பேக்கும் இருக்கும்.

நிற்க. இனி பேங்க்காரன் பேசுகிறான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் வித்தியாசம் வரும்படி சொந்தக்காரர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே 2019-இல் வந்த திருத்தத்தில் தண்டனையும் எழுதிவிட்டார்கள்: அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சின் பழுதாகி அதே மாதிரி எஞ்சின் ஒன்றைப் போட்டால், ஆர்டிஓவிடம் சொல்லி புது நம்பரை ஏற்றிக்கொள்ளலாம். எரிபொருள் மாற்றத்துக்கும் சட்டமே வழி விடுகிறது. ஒப்புதல் பெற்ற கிட் வைத்து சிஎன்ஜிக்கோ பேட்டரிக்கோ மாறலாம். மும்பையின் காலி-பீலி பத்மினிகள் அப்படித்தான் டிக்கியில் சிலிண்டரைச் சுமந்துகொண்டு, அதே 1,089 சிசி எஞ்சினோடு, கடைசிவரை ஓடின. வேறு கம்பெனியின் பெரிய பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும் அங்கே வழி இல்லை.

"யாரு மாமா பார்க்கப்போறா?" என்பது அடுத்த கேள்வி. நம் ஆட்களின் தேசியக் கேள்வி.

பார்ப்பார்கள். 15 வருஷம் தாண்டிய காரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021-இல் நான் போனபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025-இல் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு அதற்கும் மேலே ஏறியது. பசுமை வரி தனி. இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது சேசிஸ் நம்பர், அடுத்தது எஞ்சின் நம்பர். குர்லாவில் வாங்கும் எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது? ராணுவ ஏலம் என்பார்கள். ஏலச் சீட்டு எங்கே என்றால் சிரிப்பார்கள். யாருடைய திருட்டு வண்டியின் எஞ்சினோ நம் பானெட்டுக்குள் இருந்தால், போலீஸ் ஸ்டேஷனில் போய் "தாத்தா கார் சார்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிது இன்சூரன்ஸ். இதைத்தான் மச்சினர் கேட்கவே இல்லை. வண்டியை மாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான மாற்றத்தைச் சொன்னால் ஏற்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு சர்வேயர் வந்து பானெட்டைத் திறப்பார். எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவருக்கு அப்படி நடந்து, சொந்தச் சேதத்துக்கு ஒரு பைசா வரவில்லை. கார் லோன் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்தது, நான்தான் போன் செய்து கேட்க வேண்டியிருந்தது. அது வெறும் தகரம், போகட்டும். அந்த சைக்கிள்காரர் மேல் மோதியிருந்தால்? பாலிசி நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில் கோர்ட், "பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நீ கொடு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்" என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது உண்டு. வண்டிச் சொந்தக்காரர் யார்? ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. சான்பாடா ஃபிளாட்டும் என் பெயரில்தான் இருக்கிறது. அதற்கு இன்னும் ஒன்பது வருஷத் தவணை பாக்கி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இது ஆசைக் கணக்கு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய கார், பைக்குகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். ஆனால் சேசிஸ், உடம்பு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். எங்கள் பத்மினிக்கு 2036-இல் ஐம்பது வயது. நான் அப்போது ரிட்டயர் ஆகியிருப்பேன். மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸிகூட 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு ஓய்ந்துவிட்டது. 2003 அக்டோபரில் பதிவானது, 20 வருஷக் கெடு முடிந்துவிட்டது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று நம் ஜனங்கள் ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியும் படுக்கையுமாக முதன்முதலில் ஏறிய வண்டி பெரும்பாலும் அதுதான். இனி இந்த ஊரில் ஒரு குழந்தைக்கு "இதுதான் அது" என்று காட்ட, ஒழுங்கான எஞ்சினோடு எத்தனை மிஞ்சும்? குர்லாவில் பிரீமியர் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள்.

மாமனார் ஆர்.சி.எஃப். ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ரிட்டயர் ஆனவர். 2016-இல் போகும்வரை ஞாயிறு காலை பானெட்டைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவார். "மாப்ள, இது ஓடாதுன்னு சொல்றவன் இதுகிட்ட கேக்கக்கூடாத வேலையைக் கேக்கறான்" என்பார். ஏன் மெதுவாகப் போகிறது என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது, ஆச்சரியம்தான் வரும். செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

வெறுமனே வேண்டாம் என்று சொன்னால் அது பெரிசுகளின் அடாவடி. ஆகவே நான் ஒரு மாற்று யோசனை வைத்திருக்கிறேன். எஞ்சினை இறக்கி ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் போடுவது. வால்வு உட்கார வைப்பது. பெட்ரோல் லைன் முழுக்க எத்தனால் தாங்கும் ஹோஸ். கார்புரேட்டர் கிட். ரேடியேட்டர் சுத்தம். நான்கு டிரம்முக்கும் புது லைனர், புது வீல் சிலிண்டர். இவ்வளவும் செய்தால் பையன் கேட்ட செலவில் பாதிகூட ஆகாது என்று செம்பூரில் ஒரு பழைய மெக்கானிக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தமிழர்தான், விழுப்புரம் பக்கம். முப்பது வருஷம் டாக்ஸி பத்மினியாகவே பார்த்துக் கைக்கு அது மனப்பாடம். "40 குதிரையில 40-ம் வந்தாலே போதும் சார். உங்க வண்டியில இப்ப இருபத்தஞ்சுதான் வருது, அதான் தம்பிக்குக் கோவம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நான் மூன்று வாரம் முன்பே கேட்டிருந்தால் வீட்டில் இவ்வளவு சத்தம் வந்திருக்காது.

பையன் இன்னும் என்னோடு நேராகப் பேசவில்லை, அத்தை வழியாகத்தான் செய்தி போகிறது. வருகிற ஞாயிறு எஞ்சினை இறக்குகிறோம். காலை எட்டு மணிக்குச் செம்பூரில் இருக்க வேண்டும், செயின் பிளாக் பிடிக்க ஒரு ஆள் தேவை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆர்.சி. புக் மட்டும் பீரோவில், சாவி என் பையில்.

பி.கு.: டிரம் லைனர் மாற்றுகிறவர்கள் நான்கையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும்.